இரண்டு பால்மரங்கள், 98,000 ராண்ட்: லா மெர்சியில் நான் பட்ட பாடு

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, டொங்காட்டை ஒட்டிய கடலோர ஊரான லா மெர்சியில், எங்கள் வீட்டுப் பின்புறச் சரிவில் நின்ற மரம் ஒன்றை முழுவதுமாகவும் அதன் பக்கத்து மரத்தைப் பாதியளவும் 2023 நவம்பரில் ஆள் வைத்து வெட்டினேன். அரை நாள் வேலைதான் அது. அதற்காக நான் இழந்தது 98,000 ராண்ட் பணமும் ஏழு மாதக் காலமும். என் தாயார் வந்து தங்குவதற்கென்று திட்டமிட்ட அறை, அவர் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிறகும் வெறும் வரைபடமாகவே இருந்தது. நான் செய்வது குற்றம் என்று எனக்கு அன்று தெரியாது என்பது உண்மைதான். ஆனால் தெரிந்துகொள்ள நான் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து, சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்து, பிறகு இங்கேயே வீடு வாங்குகிற நம்மவர்களுக்கு இது பயன்படக்கூடும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூரில். மனைவி டொங்காட்டுக்காரர், கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் நான்காம் தலைமுறை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நடால் மாகாணத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்ததும், டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் அடுத்த ஆண்டு வாங்கிய இந்த வீட்டின் பின்புறக் கரையும் அந்த மழையில்தான் சரிந்திருந்தது. விலை எங்கள் கைக்கு எட்டியதே அதனால்தான். இந்தக் கடலோரத்தில் இருப்பது பெரீயா செம்மணல் என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் மண். காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர் போல நிற்கும். நீர் ஊறிவிட்டால் கூழாகி இறங்கிவிடும். சரிந்த இடத்தில் ஒரு தாங்குசுவர் எழுப்பி, அதனால் கிடைக்கும் சமதளத்தில் தாயாருக்கென்று ஒரு கிரானி ஃபிளாட், அதாவது முதியோர் தங்கும் சிறு தனியறை, கட்டுவது எங்கள் திட்டம். அந்தச் சரிவை அதுவரை சரியாமல் ஓரளவுக்குப் பிடித்து வைத்திருந்தவை அங்கே நின்ற மரங்களின் வேர்கள்தான் என்பது, சுவர் கட்ட மரத்தை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்த எனக்கு ஏனோ தோன்றவே இல்லை.

இடத்தைச் சுத்தம் செய்ய மூன்று பேரிடம் விலை கேட்டேன். எத்தனை நாள் ஆகும், எத்தனை ஆள் வருவார்கள், கழிவை நீங்களே ஏற்றிப் போவீர்களா, மதில் இடிந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். மரத்தின் பெயரை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தவர் கொடுத்த விலைத்தாளில், “புதர் அகற்றுதல், மரங்கள் உட்பட, 14,000 ராண்ட்” என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. அனுமதி ஏதாவது வேண்டியிருக்குமா என்று நான் ஒப்புக்குக் கேட்டபோது, “இதெல்லாம் வெறும் புஷ், உங்கள் வேலிக்குள் இருப்பது உங்களுடையது” என்றார் அவர். கேட்க விரும்பிய பதிலே கிடைத்துவிட்டதால் நானும் மேற்கொண்டு கிளறவில்லை. பிற்பாடு எல்லாம் வெடித்தபோது அவருடைய கைப்பேசி அணைந்தே கிடந்தது. முழுத் தொகையையும் வேலை முடியும் முன்பே வாங்கியிருந்தார்.

காலை ஏழரை மணிக்குச் செயின்சா முழங்கத் தொடங்கியது. பத்து மணிக்குள் பெரிய மரம் சரிவில் கிடந்தது. நான் அருகே போய்ப் பார்த்தேன். வெட்டிய பட்டையின் விளிம்பெல்லாம் பால் துளிர்த்து, மரத்தூளோடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. இலைகள் தடிப்பாக, தோல் போல, ஓரம் லேசாகக் கீழ்நோக்கி மடிந்து, நுனி மழுங்கி இருந்தன. இலைக்காம்புகளின் இடையே வெள்ளை நட்சத்திரம் போன்ற சிறு பூக்கள். அறை வரப்போகும் இடத்தைக் காட்டலாம் என்று அப்போதுதான் தாயாருக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். அவர் அறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “டேய், அந்தக் கிளையைக் கொஞ்சம் கிட்டக் காட்டு. மகிழம்பூ மாதிரி இருக்குதேடா” என்றார். ஆப்பிரிக்காவில் மகிழம்பூவுக்கு எங்கே போவது என்று சிரித்துவிட்டு அழைப்பை முடித்தேன். ஒற்றியூர்க் கோயிலின் தலமரத்தைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். தாவரவியல் படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி. நம்மூர் மகிழம், மிமுசோப்ஸ் எலெங்கி. நான் வெட்டியது மிமுசோப்ஸ் காஃப்ரா. ஒரே பேரினம், பங்காளிகள்.

இரண்டாவது மரத்தின் சரிவுப்பக்கக் கிளைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆண்ட்டி வேலியருகே வந்து இரண்டு கைகளையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். மரத்துக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார். நான் விழித்தேன். இவை மில்க்வுட், அதாவது பால்மரங்கள், காட்டிலாகா உரிமம் இல்லாமல் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்று அவர் சொன்னபோது, வயதானவர் எதையோ பெரிதுபடுத்துகிறார் என்று எண்ணிக்கொண்டு, மரியாதைக்காக மட்டும் வேலையை நிறுத்தச் சொன்னேன். அந்த மரியாதை இரண்டாவது மரத்தின் உயிரைக் காப்பாற்றியது. நான்காம் நாள் வன அதிகாரி ஒருவர் வாசலில் நின்றார். யார் புகார் செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. நான் ஆண்ட்டிதான் என்று தீர்மானித்து ஏழெட்டு வாரம் அவரைப் பார்த்தும் பார்க்காதவன் போல் நடந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சாலைக்குக் கீழே இருக்கும் வீடுகளிலிருந்து எங்கள் சரிவு முழுவதும் தெரியும். யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

சட்டம் சொல்வதை நான் அன்று இரவுதான் முதன்முறையாகப் படித்தேன். 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், எண் 84. அதன் 15ஆம் பிரிவின்படி, பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மரத்தை உரிமம் இல்லாமல் வெட்டுவது மட்டுமல்ல, குலைப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம். பலர் தவறிவிழும் இடம் இதுதான். கிளை கழிப்பதும், அடித்தளம் தோண்டும்போது வேரை அறுப்பதும் இந்தச் சொற்களுக்குள் வந்துவிடும். அத்தோடு நிற்கவில்லை, அந்த மரத்தையோ அதன் கட்டையையோ வைத்திருப்பது, சேகரிப்பது, ஏற்றிச்செல்வது, வாங்குவது, விற்பது, இனாமாகக் கொடுப்பது ஆகிய அனைத்தும் அந்தப் பிரிவில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தண்டனை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “எந்த ஒருவரும்” என்றுதான் சட்டம் தொடங்குகிறது. நிலத்தின் உரிமையாளருக்கும் செயின்சா பிடித்தவருக்கும் அது வேறுபாடு காட்டவில்லை. “என் வேலிக்குள்” என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியல் அரசிதழில் வெளியாகிறது. மருலா, பாவோபாப், யெல்லோவுட் வகைகள், கேமல் தார்ன், அலையாத்தி வகைகள் சில என்று ஐம்பதுக்கு உட்பட்ட எண்ணிக்கைதான். ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தேசிய எண் உண்டு. நான் வெட்டிய கோஸ்டல் ரெட் மில்க்வுட்டின் எண் 583. பாதி வெட்டிய ஒயிட் மில்க்வுட்டின் எண் 579. இதில் என்னை நானே நொந்துகொண்ட இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு விடுமுறைக்கு மொசெல் பே போயிருந்தோம். அங்கே அஞ்சலக மரம் என்று ஒன்று நிற்கிறது. 1500இல் போர்த்துகீசிய மாலுமி ஒருவர் காலணிக்குள் வைத்துவிட்டுப் போன கடிதத்தை மறு ஆண்டு வந்த கப்பல் தலைவர் கண்டெடுத்ததாக வரலாறு சொல்லும் இடம். அங்கே காலணி வடிவத்தில் ஒரு தபால் பெட்டியும் உண்டு. பிள்ளைகள் திருவொற்றியூருக்கு அதிலிருந்துதான் அஞ்சலட்டை போட்டார்கள். அந்த மரம் ஒயிட் மில்க்வுட். அதன் கீழே நின்று குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்ட நான், அதே இனத்து மரத்தின் கிளைகளை என் வீட்டில் கூலி கொடுத்து இறக்கியிருக்கிறேன்.

அதிகாரி கடுமையாகப் பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வேலையை உடனே நிறுத்த எழுத்தில் உத்தரவு கொடுத்தார். கிடக்கும் கட்டைகளைக் கிடந்த இடத்திலேயே விடச் சொன்னார். அங்கேதான் அடுத்த சிக்கல் வந்தது. வேலையாட்கள் முதல் நாளே ஒரு பக்கி (சிறு சரக்கு வண்டி) நிறையக் கட்டையை ஏற்றிப் போயிருந்தார்கள். பிறாய் எனப்படும் இறைச்சி சுடும் அடுப்புக்கு விறகாக விற்கவாக இருக்கும். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடிமரத்தின் சுற்றளவைப் பார்த்தாலே எவ்வளவு கட்டை இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான், நேர்மையினால் அல்ல, உண்மையைச் சொன்னேன். சொன்னதே நல்லதாகப் போயிற்று. என் வாக்குமூலத்தில் அதையும் நானே எழுதிச் சேர்த்தேன். இன்னொரு விஷயம்: புகாரில் ஐந்து மரங்கள் வெட்டப்பட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. வெள்ளத்தில் சரிந்து முன்பே போன மூன்றையும் சேர்த்து யாரோ எண்ணியிருக்கிறார்கள். நான் வெட்டவில்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை. மனைவிதான் யோசித்து, வீடு விற்பனைக்கு வந்தபோது வீட்டுத் தரகர் வெளியிட்ட விளம்பரப் படங்களைத் தேடி எடுத்தார். பின்புறத்தைக் காட்டும் படத்தில் அந்தச் சரிவில் இரண்டே மரங்கள் தெளிவாக நின்றன. வீடு வாங்குகிறவர்கள் அந்த விளம்பரப் படங்களை முதலிலேயே இறக்கிச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்றுமுடிந்த சில வாரங்களில் அவை காணாமல் போய்விடும். வேலை தொடங்கும் முன்பு, தேதி பதியுமாறு, ஒவ்வொரு மரத்தையும் அடியும் முடியும் தெரிய நீங்களே படமெடுப்பது இன்னும் நல்லது.

அதன் பிறகு ஒரு சுற்றுச்சூழல் ஆலோசகரை அமர்த்தினேன். 16,000 ராண்ட் வாங்கினார். இந்தக் கதையில் வீணாகாத பணம் அது ஒன்றுதான். அவர் வந்ததும் எனக்குத் தெரியாத இரண்டு கண்ணிகளைக் காட்டினார். முதலாவது, பட்டியலில் இல்லாத மரமும் சில இடங்களில் காப்புப் பெற்றதே. ஒன்றோடொன்று கவிகை (மேலே விரிந்த கிளை, இலைப் பரப்பு) தொட்டுக்கொண்டு நிற்கும் உள்நாட்டு மரக்கூட்டத்தைச் சட்டம் இயற்கைக் காடு என்று கொள்கிறது. அதற்குள் இருக்கும் எந்த உள்நாட்டு மரத்தையும் வெட்டுவதற்கு 7ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். காடு என்றதும் நமக்கு முதுமலையும் ஆனைமலையும்தான் மனத்தில் வருகின்றன. இங்கே ஒரு வீட்டின் கொல்லைப்புறத்து மணல்மேட்டுச் சரிவும் காடாக இருக்க முடியும். இரண்டாவது, டிமாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டர்பன் பெருநகரத் திறந்தவெளி அமைப்பு. டர்பனின் எத்தெக்வினி நகராட்சி அதை 2010இல் நகரமைப்புத் திட்டங்களுக்குள் கொண்டுவந்தது. அந்த எல்லைக்குள் அரசு நிலமும் உண்டு, தனியார் நிலமும் உண்டு. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவின் ஒப்புதல் இல்லாமல் அங்கே கட்டவோ தாவரங்களை அகற்றவோ முடியாது. நகராட்சியின் இணைய வரைபடத்தில் என் மனை எண்ணைப் போட்டு அவர் டிமாஸ் அடுக்கைத் திறந்துகாட்டியபோது, பச்சை நிறம் என் தோட்டத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டையாக ஓடி, நான் தாங்குசுவர் கட்ட நினைத்த இடத்தில் சரியாகப் படுத்திருந்தது. இரண்டு நிமிட வேலை. வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே நான் செய்திருக்கலாம்.

உரிம விண்ணப்பத்தோடு நான் கொடுத்தவை: அடையாள அட்டை நகல், சொத்துப் பத்திரம், மரங்கள் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளுடன் கூடிய வரைபடம், படங்கள், மரத்தின் சரியான பெயரும் எண்ணிக்கையும், ஏன் வேறு வழி இல்லை என்பதற்கான விளக்கம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். “வீடு கட்ட வேண்டும்” என்பது விளக்கமாகாது. சுவரை ஏன் நகர்த்த முடியாது, அறையை ஏன் முன்பக்கம் கட்ட முடியாது என்று பொறியாளர் கையொப்பத்தோடு காட்ட வேண்டும். உட்கார்ந்து யோசித்தபோது, நகர்த்த முடியும் என்பதுதான் உண்மையான பதில் என்று தெரிந்தது. ஆகவே பாதி வெட்டுப்பட்ட ஒயிட் மில்க்வுட்டை முழுவதுமாக எடுக்க அனுமதி கேட்கும் எண்ணத்தையே கைவிட்டோம். அதன் காயப்பட்ட கிளைகளை முறையாகச் சீர்செய்யவும், விழுந்த மரத்தின் கட்டைகளை அப்புறப்படுத்தவும், ஈடாகக் கன்றுகள் நடவும் மட்டுமே விண்ணப்பித்தோம். வரைபடத்தைத் திருத்த 11,500. சுவரை மரத்தின் கவிகை நிழலுக்கு வெளியே வளைத்துக் கட்டுவதற்குக் கூடுதலாக 38,000. முன்பே வாடகைக்குச் சொல்லி வைத்திருந்த டி.எல்.பி. இயந்திரம், நம்மூரில் ஜேசிபி என்போமே அது, மூன்று நாள் வாசலில் சும்மா நின்றதற்கு 10,500. வெட்டியவருக்குப் போன 14,000 தனி.

நவம்பரில் சிக்கிக்கொண்டதன் இன்னொரு கேடு என்னவென்றால், இந்த நாட்டில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை கட்டுமானத் தொழிலே விடுமுறையில் போய்விடுகிறது. பொறியாளர் கிடைக்கவில்லை, வரைவாளர் கிடைக்கவில்லை. தாயார் ஜனவரியில் வந்து, உணவறையில் போட்ட கட்டிலில் மூன்று மாதம் படுத்தார். ஒரு முறையும் குறை சொல்லவில்லை. ஒரு நாள் மாலை அடிமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சுந்தரர் கதையைச் சொன்னார். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது ஒற்றியூர் மகிழ மரத்தின் அடியில்தான்; சந்நிதியில் சத்தியம் செய்வதாகப் போக்குக்காட்டிவிட்டு, இறைவனை அந்த நேரத்துக்கு மகிழடிக்குப் போய்விடும்படி கேட்டுக்கொண்டார் அவர்; இறைவனோ, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கிக்கொள் என்று சங்கிலியாரிடம் சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. “உனக்குப் பணம்தானே போச்சு” என்றார் அம்மா. ஆறுதலா, குத்தலா என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் அவர் கிளம்பிப் போனார். மே கடைசியில் உரிமம் கைக்கு வந்தது. வழக்கு நீதிமன்றம் போகவில்லை, எச்சரிக்கையோடு நிபந்தனைகள். விழுந்த ஒரு மரத்துக்கு ஈடாகப் பன்னிரண்டு மில்க்வுட் கன்றுகள் நட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை படங்களுடன் அறிக்கை தர வேண்டும், இறந்த கன்றுக்குப் பதில் கன்று வைக்க வேண்டும். இது என் உரிமத்தின் கணக்கு. மற்றவர்களுக்கு இடத்தையும் மரத்தையும் பொறுத்து வேறாக இருக்கும். கன்று நடுவது என்றால் ஒரு குழி, ஒரு வாளித் தண்ணீர் என்று நினைத்திருந்த எனக்கு, செலவும் பாடமும் அங்கேதான் மீண்டும் தொடங்கின.

ஆண்ட்டியோடு அதற்குள் சமாதானமாகியிருந்தேன். நான் தயங்கித் தயங்கி ஒரு தட்டு முறுக்கோடு போனபோது, எதுவும் நடக்காதது போல உள்ளே கூப்பிட்டார். தன் தோட்டத்து மில்க்வுட்டின் அடியில் தானாக முளைத்த கன்றுகளைப் பெயர்த்து எடுத்துக்கொள் என்றார். ஆலோசகரிடம் சொன்னேன். சட்டத்தின் சொற்களை மறுபடி படியுங்கள் என்றார் அவர். இனாமாகக் கொடுப்பதும் வாங்குவதும் அதில் இருக்கிறதே! ஒரு குற்றத்துக்கு ஈடு செய்யப்போய் ஆண்ட்டியையும் இன்னொன்றில் சேர்த்துவிட இருந்தேன். நாற்றங்காலில் ரசீதோடு வாங்குவதே சரி. சாட்ஸ்வர்த்தில் சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தை ஒட்டி நகராட்சியின் உள்நாட்டுத் தாவர நாற்றங்கால் இருப்பது தமிழர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். உள்நாட்டு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் முதலில் அங்கே ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். நான் தனியார் நாற்றங்கால் ஒன்றில், கன்று 450 ராண்ட் வீதம், பன்னிரண்டுக்கு 5,400 கொடுத்தேன். உரம், கொம்புகள், நிழல்வலை எல்லாம் சேர்த்து 2,600.

உரிமம் வந்த மகிழ்ச்சியில் ஜூன் முதல் வாரத்திலேயே அத்தனையையும் நட்டுவிட்டேன். அது அடுத்த மடத்தனம். டர்பனில் மழை கோடைக்காலத்துக்கு உரியது. ஜூன், ஜூலை வறண்ட குளிர்காலம். கன்றுகள் மலையடிவார நாற்றங்காலில் நிழலில் வளர்ந்தவை, கடற்காற்றைக் கண்டதே இல்லை. ஆகஸ்டில் காற்று கிளம்பியது. உப்புக்காற்று என்றால் என்னவென்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். கடலோர மில்க்வுட்கள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, சீப்பால் வாரியதுபோல் ஒரே சாய்வில் கவிகையை வளர்த்து, தமக்குப் பின்னால் நிற்பவற்றை மறைத்துக் காக்கின்றன. நான் வெட்டியது அந்த வரிசையில் முன்னால் நின்ற மரம். அது போன இடைவெளி வழியாகக் காற்று நேராக உள்ளே நுழைந்து, பின்னால் நின்ற, நான் தொடாத மரங்களின் இலைகளை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாக்கியது. இஸ்திரிப்பெட்டி பட்ட துணி போல இருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் கன்றுகளில் ஐந்து பட்டுவிட்டன. இரண்டைக் குரங்குகள் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு எறிந்திருந்தன. அவற்றை மட்டும் மறுபடி நட்டுப் பிழைக்கவைத்தேன். நடுகைக்கு ஏற்ற பருவம் அக்டோபர், நவம்பர். உரிமம் எந்த மாதத்தில் வந்தாலும், நடுகைத் தேதியை மழைக்காலத்துக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது மறுக்கவில்லை, ஆனால் ஐந்து கன்று செத்த பிறகுதான் கேட்டேன். வாங்கிய கன்றுகளை ஒரு மாதம் தொட்டியோடு கடல் பக்கத்தில் வைத்துக் காற்றுக்குப் பழக்கியபின் நட்டால் இழப்பு குறைகிறது. மில்க்வுட் மெதுவாக வளரும் மரம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கோடை முடிந்தபோது உயரமானது என் முழங்காலைத் தொட்டது.

இத்தனைக்கும், அந்த வேலைக்காரர்கள் எங்கள் வாசலருகே நின்ற சிரிஞ்சா மரத்தைத் தொடவே இல்லை. நம்மூர் மலைவேம்புதான் அது. மனைவியின் பாட்டி அதன் இலையைத்தான் வேப்பிலை என்று பறித்து அம்மனுக்கு வைத்தவர்; இந்த ஊரில் அவருக்கு அதுவே வேம்பு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரம்; அதற்கான விதிகளின் பட்டியலில் இருக்கிறது. வீட்டை விற்பவர், இப்படிப்பட்ட தாவரங்கள் மனையில் இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. எங்களிடம் யாரும் தெரிவிக்கவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. ஆக, எடுக்கத் தடையில்லாததை விட்டுவிட்டு எடுக்கக் கூடாததை எடுத்திருக்கிறோம். வேலிக்கு வெளியே, நடைபாதையோரம் நிற்கும் மரங்கள் வேறு கணக்கு. அவை நகராட்சியுடையவை, உங்கள் வாசலை மறைத்தாலும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தாங்குசுவர் இப்போது கட்டி முடிந்துவிட்டது. ஒயிட் மில்க்வுட்டின் அருகே வந்ததும் முழங்கை போல வளைந்து ஒதுங்கிப் போகிறது. அறையும் எழும்பிவிட்டது, முன்பு திட்டமிட்டதைவிட ஒன்றரை மீட்டர் குறுகலாக. பன்னிரண்டு கன்றுகளும் உயிரோடு இருக்கின்றன. அதில் ஐந்து இரண்டாம் முறை வைத்தவை. அறிக்கைக்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுகோலை நிறுத்திப் படம் எடுக்கிறேன். சிரிஞ்சாவை எடுத்துவிடலாம், அதற்குப் பதிலாக உண்மையான வேம்பு வைக்க முடியுமா என்று முதலில் விசாரிப்போம் என்று மனைவி சொன்னதால், சென்ற மாதம் ஒருவரிடம் விலை கேட்டேன். எந்த மரம் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள் என்று வற்புறுத்தினேன். அவர் வண்டியின் முகப்பில் தாளை வைத்து நிதானமாக எழுதி நீட்டினார். “மரம், பெரியது: 1” என்று இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.